கன்றுக்கு மிஞ்சிய ஒரே சொல்

மாட்டுக்கும் கன்றுக்கும் நம்மைப்போலவே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வெள்ளத்தாயி வீட்டுச் செவலைப் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. பிறந்த அன்றே பேச ஆரம்பித்த கன்று. பேசியதில் பாதி பொய்.

காலையில் தாயிடம் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வெள்ளத்தாயியின் புருஷன் சங்கிலியிடம் போய் நிற்கும். "பெரியப்பா, இன்னும் ஒரு சொட்டுப் பால் தொண்டையில இறங்கலை." அந்த மனுஷனும் மறுபடி தாயிடம் விடுவார். பிறகு வாசலோடு போகிறவர்களிடம் அதே பாட்டு. ஒருத்தி கஞ்சி ஊற்றுவாள், இன்னொருத்தி மாவு கரைத்துக் கொடுப்பாள். வாய்விட்டுக் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

பத்தாம் நாள் கழிச்சல் கண்டது. தண்ணீராகப் போனது, நாற்றம் தாங்கவில்லை. கண் உள்ளே போய், காது தொங்கி, கன்று படுத்துவிட்டது. வெள்ளத்தாயி பயந்துபோனாள். போன ஈற்றுக் கன்றையும் இப்படித்தான் பறிகொடுத்திருந்தாள்.

பாலைக் குறைத்தாள். காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் உப்பும் வெல்லமும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். மூன்றாம் நாள் கன்று எழுந்து நின்றது. நின்றதும் முதல் வேலையாக, "பெரியப்பா, பெரியம்மா என்னைப் பட்டினி போடுறா" என்றது. சங்கிலி இரக்கப்பட்டு ஒரு செம்பு கஞ்சி ஊற்றினார். மறுபடி கழிச்சல்.

"ஏங்க, உங்களுக்குக் கன்னு வேணுமா, அது பேச்சு வேணுமா?"

"பசிக்குதுன்னு அழுதுச்சு. நான் என்ன செய்ய?"

"அழுதது வாய். வயிறு என்ன சொல்லுதுன்னு பின்னால போய்ப் பாருங்க!"

அன்றே பனையோலையில் ஒரு கூடை முடைந்து கன்றின் வாயில் மாட்டி இறுக்கிக் கட்டினாள். புகட்டும்போது மட்டும் கழற்றுவாள். அப்போது வாய் நிறையப் பால், பேச வழியில்லை. மற்ற நேரம் கூடைக்குள்ளிருந்து எதுவும் விளங்கவில்லை. பெரியம்மா என்றாலும் 'ம்மா', பெரியப்பா என்றாலும் 'ம்மா' என்றுதான் கேட்டது.

ஒரு மாதத்தில் சாணம் கெட்டிப்பட்டது, கன்று துள்ளியது. வெள்ளத்தாயி சந்தோஷமாகக் கூடையை அவிழ்த்தாள்.

"வயிறு நிறைஞ்சுச்சாடி?"

"ம்மா."

"இன்னும் வேணுமா?"

"ம்மா."

"ஏ மூதி, வலிக்குதா என்ன?"

"ம்மா."

வெள்ளத்தாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பொய்யை நிறுத்தப் போய் மெய்யையும் சேர்த்துக் கட்டிவிட்டாளே!

அன்று முதல்தான் கன்றுக்குப் பசித்தாலும் ம்மா, நிறைந்தாலும் ம்மா, வலித்தாலும் ம்மா. மாடு வளர்க்கிறவர்களும் விடிந்ததும் விடியாததுமாகக் கன்றின் முகத்தைப் பார்க்காமல் வாலைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.