பூவைக் கிள்ளிய முள்ளம்பன்றி

பைன் மரங்கள் அடர்ந்த ஒரு மலைக்காட்டில், ஒவ்வொரு விலங்கும் தன் வீட்டு வாசலில் தோட்டம் போட்டிருந்தது. செடி நட்ட ஆண்டே முதல் கனியைக் கரடியின் குகை வாசலில் வைக்க வேண்டும். வைக்காதவர் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். இப்படியொரு வழக்கத்தை ஏற்படுத்தியது யார் என்று கேட்கிறீர்களா? கரடிதான், வேறு யார்?

ஒருநாள், மூடிக் கிடந்த நாற்றுப் பண்ணையில் புளூபெர்ரி என்ற நீலக் கனிச் செடிகள் இருப்பதைக் குரங்கு கண்டுபிடித்தது. அவசரக் குரங்கு. பூத்துக் குலுங்கிய பெரிய செடியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டது.

பின்னாலேயே வந்த முள்ளாயி என்ற முள்ளம்பன்றியோ, ஒவ்வொரு செடியையும் தொட்டியிலிருந்து உருவி வேரை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் இரண்டு சின்னச் செடிகளை, இரண்டும் வேறு வேறு வகையாக, எடுத்துக்கொண்டாள்.

"வேரைத் தோண்டித் தின்கிறவள் செடி வைக்கப் போகிறாளாம்" என்று குரங்கு சிரித்தது.

"தின்றதால்தான் எந்த வேர் பிழைக்கும் என்று என் பல்லுக்குத் தெரியும். இது ஒற்றையாக நின்றால் சரியாகக் காய்க்காது, துணை வேண்டும்" என்றாள் முள்ளாயி.

மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, புளிப்பான இடத்தில் நட்டாள். மேலே பைன் சருகைக் கனமாகப் பரப்பினாள். பங்குனியில் இரண்டு செடிகளும் பூத்தன. ஒரு பூ விடாமல் கிள்ளிப் போட்டாள்.

சேதி கேட்டுக் கரடி வந்தது.

"பூவைக் கிள்ளிவிட்டால் எனக்குக் கனி ஏது?"

"இந்த ஆண்டு கிடையாது, அடுத்த ஆண்டும் கிடையாது. முதலில் வேர் பிடிக்கட்டும்."

"வழக்கம் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். செடிக்குத் தெரியாதே."

"அப்படியானால் தோட்டத்தைக் காலி செய்."

"மாட்டேன்."

முள்ளாயிக்கும் பயம்தான். அந்தத் துண்டு நிலத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் திரும்பி உட்கார்ந்து, முள்ளையெல்லாம் விரித்தாள். கரடி கையை நீட்டியது. மூன்று முள்ளை வாங்கிக்கொண்டு, அலறியபடி குகைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பங்குனியிலும் வந்தது. அவளும் பூவைக் கிள்ளிவிட்டு, முள்ளை விரித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

குரங்கு முதல் ஆண்டே ஒரு கைப்பிடிக் கனியைக் கரடிக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. ஆனால் இருந்த பலத்தையெல்லாம் கனிக்கே செலவழித்த அதன் செடி வேர் ஊன்றவில்லை. அடுத்த கோடையில் காய்ந்து சுள்ளியாகிவிட்டது.

மூன்றாம் ஆண்டு முள்ளாயியின் செடிகள் நீலமாய்க் காய்த்துத் தரையைத் தொட்டன. காடே வந்து அவள் வாசலில் வரிசை கட்டி நின்றது. கரடி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"முதல் கனி எனக்குத்தானே?"

"முதல் கனியைப் பூவிலேயே கிள்ளி வேருக்குக் கொடுத்துவிட்டேன். இது மிச்சம். வேண்டுமானால் வரிசையில் நில்லும்" என்றாள் முள்ளாயி.

கரடி அவள் முள்ளைப் பார்த்தது. தன் கையைப் பார்த்தது. பிறகு குரங்குக்குப் பின்னால் போய் நின்றது.

நீதி: வேர் பிடிக்கும்வரை கனி தர மறுப்பது குற்றமல்ல, மிரட்டலுக்குப் பயந்து முன்கூட்டியே கொடுப்பவரிடம் பிறகு கொடுக்க எதுவும் இருக்காது.