விளக்கைப் போடும் முன்

கால்நடை நோய் ஆய்வகத்தின் உள்ளறைக்குள், டாக்டர் பூங்கோதை சாவி கொடுக்காமல் ஓர் ஈகூட நுழைய முடியாது. சாவி என்றால் கழுத்தில் மாட்டுகிற அட்டைதான். கதவுக்கு முன்னால் காட்டினால் திறக்கும். ஆனாலும் அங்கே எல்லாரும் அதைச் சாவி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அந்தச் சாவிக்காகக் காத்திருந்தவர்களில் வயதில் மூத்தவர் சிவசைலம். தென்காசிப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். தலை நரைத்தவர். கற்றுக்கொடுத்த பூங்கோதைக்கோ அவருடைய தம்பி மகள் வயதுதான் இருக்கும். அதில் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இல்லை. அவர் மேடம் என்பார், இவர் சார் என்பார், வேலை நடக்கும்.

சிவசைலத்துக்கு அவசரம் இருந்தது. அவருடைய ஊரில் மாட்டுக்கு, மனிதனையும் தொற்றிக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகம் வந்தால், ரத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் செத்த மாட்டை யாராவது அறுத்துப் பங்கு போட்டிருப்பார்கள். அப்படி அறுத்த தளவாய் என்பவன் சிவசைலத்தின் கண்முன்னாலேயே செத்துப்போனான். அதன் பிறகு அவர் அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்து, ஊரிலேயே சின்னதாக ஓர் ஆய்வகம் கட்ட வைத்தார். கட்டடம் முடிந்து பூட்டிக் கிடந்தது. பூங்கோதையிடம் சாவி வாங்கிய ஒருவர் பொறுப்பேற்றால்தான் அதைத் திறக்கலாம் என்று உத்தரவு. அந்த ஒருவர் தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பயிற்சியில் நிஜக் கிருமி கிடையாது. அதற்குப் பதில் ஒரு பொடி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. கவுன், கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, பொடி கலந்த நீரைக் கிருமி என்று நினைத்து வேலை செய்ய வேண்டும். முடித்த பிறகு எல்லாவற்றையும் முறைப்படி கழற்றி, கை கழுவி, இருட்டறையில் வந்து நிற்க வேண்டும். பூங்கோதை ஊதா விளக்கைப் போடுவார். பொடி ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும்.

நடுவில் கை தவறினால், வாசலில் நிற்கும் துணையாளிடம் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை நிற்கும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சிவசைலத்தின் மேல் ஒருநாளும் ஒரு புள்ளி ஒளிர்ந்ததில்லை. அவர் கை அப்படிப்பட்ட கை. உதைக்கிற பசுவின் வயிற்றுக்குள் குறுக்கே கிடந்த கன்றைத் திருப்பிப் போட்ட கை. விளக்குக்கு முன்னால் நிற்கும்போது அவருடைய நெஞ்சு தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

கூடவே பயிற்சி பெற்ற பிரிசில்லா என்ற லேப் டெக்னீஷியன் கதை நேர்மாறு. சட்டையில் சிந்தினால் சிந்தியது என்று அப்போதே சொல்லி, வேலையை நிறுத்திவிடுவாள். ஒன்றும் சிந்தாத நாளிலும் பாதி நாள் அவளுடைய வலது கை விரலில் பச்சை ஒளிரும்.

"எதையும் தொடலையே மேடம். எப்படி வருதுன்னே தெரியலை," என்பாள், பாவம்.

"பதறாம செய்யும்மா, சரியா வந்துரும்," என்று சிவசைலம் ஆறுதல் சொல்வார். அப்படிச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

ஒருநாள் காலைப் பயிற்சி முடிந்ததும் பூங்கோதை பிரிசில்லாவின் கழுத்தில் சாவியை மாட்டினார்.

சிவசைலத்துக்குச் சுருக்கென்றது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். பாதியில் கை கழுவிவிட்டு நேராகப் பூங்கோதையின் அறைக்குப் போனார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க சார்."

"தினமும் விரல்ல பூசிக்கிட்டு வர்ற பிள்ளைக்குச் சாவி. ஒரு பொட்டுகூடப் படாத எனக்கு இல்லை. என் கையில என்ன குறை கண்டீங்க?"

"உங்க கையில ஒரு குறையும் இல்லை."

"பின்ன?"

பூங்கோதை மேசைமேல் இருந்த ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க," என்றார்.

கை கழுவும் இடத்துக்குப் போனார்கள். பயிற்சிக் கட்டடம் பழசு. குழாய், கையால் திருகுகிற ரகம். காலைக்குப் பிறகு யாரும் அங்கே வரவில்லை. பூங்கோதை சன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார்.

தொட்டியின் விளிம்பு ஒளிர்ந்தது. குழாயின் திருகு ஒளிர்ந்தது. அதில் கட்டைவிரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது.

"பிரிசில்லா விரலுக்கு எங்கேயிருந்து வருதுன்னு நானும் தேடாத இடமில்லை. நேத்துதான் இங்க வந்து பார்த்தேன். அவ கழுவி முடிச்சிட்டு இதைத் திருகி மூடுறா. அப்ப ஒட்டிக்குது."

"சரி. இதுல எப்படி வந்துச்சு?"

"அவளுக்கு முன்னாடி கழுவுறது யாரு சார்?"

சிவசைலத்தின் கை தன்போக்கில் மூக்குக்கண்ணாடியை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

வேர்த்தால் அவருக்குக் கண்ணாடி நழுவும். மணிக்கட்டின் பின்பக்கத்தால் அதை மேலே தள்ளிவிடுவது மாட்டுத் தொழுவத்தில் வந்த பழக்கம். இரண்டு கையிலும் சாணியும் ரத்தமும் இருக்கும்போது வேறு எதால் தள்ளுவது? பயிற்சி அறையிலும் வேர்க்கிற நாளில் அப்படிச் செய்துவிடுவார். செய்த கணமே அவருக்குத் தெரியும். இதைப் போய்ச் சொல்லி வேலையை நிறுத்துவதா, இந்த வயதில், துணையாளாக நிற்கும் சின்னப் பெண் பிரிசில்லாவிடம்? வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றிய விரலாலேயே குழாயைத் திறப்பார். சோப்புப் போட்டுக் கண்ணாடியையும் கையையும் பளிச்சென்று கழுவி, துடைத்த துண்டாலேயே குழாயை மூடிவிட்டு இருட்டறைக்குப் போவார். தான் சுத்தக்காரன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

"நான் மறைக்கணும்னு செய்யலை மேடம்," என்றார். சொல்லும்போதே அது பாதிதான் நிஜம் என்று தெரிந்தது. "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"நேத்து நீங்க தள்ளினதைப் பார்த்தேன். ஆனா அது என் கண்ணாடி இல்லையே சார், நீங்கதானே சொல்லணும்."

பூங்கோதை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிவசைலம் பிறகு பிரிசில்லாவைத் தேடிப் போனார். அவள் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புதுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார்.

அவள் திட்டவில்லை. தன் வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப என் கை நல்ல கைதானா சார்?"

"நல்ல கைம்மா. என் கையைவிட நல்ல கை," என்றார்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. சிவசைலத்தின் ஊர் ஆய்வகத்துக்காகவே வந்த குழு. அவர் வேலை செய்வதைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பார்க்கும். சாவி கொடுப்பதும் கொடுக்காததும் பூங்கோதையின் முடிவு. ஆனால் ஆய்வகப் பொறுப்புக்கான சாவியைக் குழுவின் முன்னிலையில்தான் கொடுக்க முடியும்; இன்றைக்கு இல்லையென்றால் அடுத்த குழு எப்போது வருமோ, அதுவரை ஊரில் பூட்டு தொங்கும். பூங்கோதையும் குழுவிடம், "இவரைப் பாருங்க, தெரியும்," என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். அது சிவசைலத்தின் காதிலும் விழுந்திருந்தது.

அன்றைக்கென்று பார்த்து ஏசி மக்கர் பண்ணியது.

கை மட்டும் தன் வேலையை அழகாகச் செய்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். கடைசிக் குப்பியை மூட வேண்டியதுதான் பாக்கி. வேர்வையில் கண்ணாடி நழுவியது. யோசிப்பதற்குள் மணிக்கட்டு மேலே போய்த் தள்ளிவிட்டு வந்துவிட்டது.

குழு அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றது. வாசலில் துணையாளாக நின்ற பிரிசில்லாவும் அந்த நேரம் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர் யாருமில்லை.

அவருக்குத் தன் ஊர்க் கட்டடத்தின் பூட்டு நினைவுக்கு வந்தது. தளவாயின் முகம் நினைவுக்கு வந்தது. இன்று ஒருநாள் மட்டும், என்று மனசு கெஞ்சியது. அப்புறம் பிரிசில்லா நீட்டிப் பார்த்த அந்தக் கையும் நினைவுக்கு வந்தது.

குப்பியை வைத்துவிட்டுக் கைகளை முன்னால் நீட்டியபடி நின்றார்.

"பிரிசில்லா. கண்ணாடியைத் தொட்டுட்டேன். வேலையை நிறுத்துறேன்."

சுவருக்குப் பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிரிசில்லா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூக்குக்கண்ணாடி மருந்துத் தண்ணீரில் மூழ்கியது. அது இல்லாமல் அவருக்கு எல்லாமே மசமசவென்று தெரிந்தது.

"இடது பக்கம் வாங்க சார். குழாயைத் தொடாதீங்க, நான் திறக்கிறேன்."

கழுவிக்கொண்டு, அவள் குரலைப் பிடித்தபடி இருட்டறைக்கு வந்து நின்றார். எல்லாம் போயிற்று என்று நினைத்தார். ஆனால் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏனென்று அவருக்கே விளங்கவில்லை.

குழுவும் உள்ளே வந்தது. பூங்கோதை விளக்குக்குப் பக்கத்தில் போனார். விளக்கைப் போடவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துச் சிவசைலத்தின் கழுத்தில் மாட்டினார்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"விளக்கையே போடலையேம்மா?"

"போடலாம் சார். சாவி அதுக்கு முன்னாடி."

"தப்புப் பண்ணிட்டேன்னு தன் வாயாலயே சொல்றார். எதை நம்பி இவர்கிட்ட ஓர் ஆய்வகத்தைக் கொடுக்கிறது?"

பூங்கோதை சிவசைலத்தைப் பார்த்தார். தன் முகத்தில் இருந்த பெருமையை அவர் மறைக்கவில்லை.

"அந்த வாயை நம்பித்தான் சார்."