மூணு கோயில்ல கேட்ட பூ

மடத்துச் சாமிக்கு முப்பத்தஞ்சு வயசு கூட இருக்காது. சிஷ்யன் செங்கோடனுக்கு தல முழுக்க நரை. சாமி அவர அண்ணான்னுதான் கூப்புடுவாரு. மடத்துல யாரும் இத கண்டுக்கறதில்ல.

அன்னைக்கு செங்கோடன் மடத்துக்கு வந்தாரு. மக தேன்மொழிக்கு வெள்ளிக்கெழம நெஞ்சுல ஆபரேஷன். பொழைப்பாளான்னு பூ கேக்கக் கெளம்புனவரு. கோயில்ல ரெண்டு பொட்டலம் போடுவாங்க. ஒண்ணுல வெள்ளப் பூ, ஒண்ணுல செவப்பு. கைக்கு வெள்ள வந்தா நல்லது.

மாரியம்மன் கோயில்ல வெள்ளதான் வந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். பஸ் ஏறுனதும், பூசாரி சரியா குலுக்கலையோன்னு ஒரு நெனப்பு. அடுத்த ஊரு கருப்பராயன் கோயில்ல கேட்டாரு. செவப்பு. டாஸ்ல தோத்த பசங்களாட்டம், மூணுல ரெண்டுன்னு வெச்சுக்கிட்டு இன்னொரு கோயிலுக்கு ஓடுனாரு. அங்க வெள்ள. செயிச்சும் நிம்மதி வரல. கருப்பராயன் பொய் சொல்வாரான்னு ஒரு கவல. தெய்வத்துக்கே ஸ்கோர் போட்டுட்டமேன்னு அதுக்கு மேல ஒண்ணு.

எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, நீங்களே ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கன்னு உக்காந்துட்டாரு.

சாமி எந்திரிச்சாரு. மடத்துச் செடியில ஒரு வெள்ள ரோசா, ஒரு செவப்பு ரோசா பறிச்சாரு. தனித்தனியா இலையில மடிச்சு, குலுக்கி முன்னால போட்டாரு. செங்கோடன் ஒண்ண எடுத்தாரு.

"பிரிக்காதீங்கண்ணா. வெள்ளயா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயி தேனு பக்கத்துல உக்காந்திருப்பேனுங்க சாமி."

"செவப்பா இருந்தா ஆபரேஷன நிறுத்திருவீங்களா?"

நிறுத்துனா பாப்பா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டதா சொன்னாரு.

"அப்ப என்ன பண்ணுவீங்க?"



"அப்பவும் பக்கத்துல உக்காந்திருப்பேனுங்க."

"இப்ப யாரு உக்காந்திருக்கா?"

பக்கத்து பெட்டு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன்னாரு. கெளம்புறப்ப தேனு தூங்கிட்டிருந்தாளாம். எந்திரிச்சதும் தேடுவான்னு தெரிஞ்சுதான் வந்திருக்காரு.

சாமி அவரு பைய எடுத்து தோள்ல மாட்டி விட்டாரு.

பொட்டலம் இன்னும் கையிலயே இருந்துச்சு. இத என்ன பண்றதுன்னு கேட்டாரு செங்கோடன்.

"அங்க போயிப் பிரிங்கண்ணா. எந்தப் பூவா இருந்தாலும் பாப்பா தலையில வெச்சு விடுங்க."