எங்கே அடைத்தாலும் ஒழுகும் கார்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் நின்ற பழைய வெள்ளைக் காரின் கதை இது. விடை கதைக்குள்ளேயேதான் கிடக்கிறது. பராக்குப் பார்க்காமல் கேட்டால் கையில் சிக்கிவிடும்.

கார் கோகிலவாணியின் மாமனார் வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கார் மட்டும் போகாமல் நின்றது. அது நின்றதும் நல்லதாகப் போயிற்று. கோகிலவாணியின் வீட்டுக்காரர் குழந்தைவேலுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் ஈரோட்டுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். திரும்பும்போது அவருக்குத் தலை நிற்காது. பஸ்ஸில் கூட்டி வந்த ஒரு நாள் படியிலேயே சரிந்து விழுந்தார். அதோடு பஸ் போதுமென்று கோகிலவாணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்சீட்டில் அவர் படுத்துக்கொள்வார், முன்சீட்டில் அவர்கள் மகள் பாப்பா.

குழந்தைவேல் நோயில் படுப்பதற்கு முன் தோட்டத்து மோட்டார், பைப், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றையும் தானே பார்த்தவர். எந்தக் குழாய் ஒழுகினாலும் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இழுத்துக் கட்டிவிடுவார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. இப்போதோ தண்ணீர்ச் சொம்பைத் தூக்கவே இன்னொரு ஆள் வேண்டும்.

ஆடி மாசத்தில், வாசலில் கோலம் போடும் இடத்தில், கறுப்பாக ஒரு சொட்டு விழ ஆரம்பித்தது. என்ஜினிலிருந்து கீழே தொங்கிய ஒரு ரப்பர் குழாயின் வாயில்தான் அந்தக் கசிவு. இதையாவது நான் பார்க்கிறேன் என்று குழந்தைவேல் சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்தார். குழாய் வாயை மடக்கி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினார். ஒரு கட்டுப் போட அரை நாள் ஆனது. ஆனால் சொட்டு நின்றுவிட்டது. கோகிலவாணி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அவரும் அன்றைக்கு ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் என்ஜினின் தலையிலேயே ஆயில் வழிந்தது. டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அன்வர் பாய் வந்தார். என்ஜினை டீசலால் துடைத்துக் காயவிட்டு, பாப்பாவின் முகப்பவுடரை வாங்கி மேலெல்லாம் தூவி, சற்று நேரம் ஓடவிட்டார். பவுடர் நனைகிற இடம்தான் ஒழுகும் இடம். மேல்மூடியின் ஓரம் நனைந்தது. மூடிக்கடியில் ஆயிலைத் தடுக்கும் பேக்கிங்கை மாற்றினார். அந்த இடம் காய்ந்தது.

கொஞ்ச நாளில் முன்பக்கம் ஒழுகியது. லாரி ஓட்டும் கோகிலவாணியின் அண்ணன் தினகரன் வந்து அங்கே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்றினான். அதுவும் காய்ந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி தன் இடத்தைவிட்டு எழும்பி நின்றதைப் பார்த்து, ஒரு கம்பியைக்கூடச் சரியாக அழுத்தி வைக்கத் தெரியவில்லையா என்று தங்கச்சியைத்தான் வைதான்.

பிறகு பின்பக்கம். ஈரோட்டு ரோட்டு மெக்கானிக் சூசை, கியர் பெட்டியையே இறக்கிப் பின்பக்கத்துச் சீல் வளையத்தை மாற்றினார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சூட்டுக் காற்று அவர் முகத்தில் அடித்தது. கிழவன் பெருமூச்சு விடுகிறான் என்று சிரித்துக்கொண்டார்.

அதற்கடுத்த பயணத்தில் என்ஜினுக்கடியில் ஆயில் தேங்கும் சட்டியின் ஓரமெல்லாம் ஒழுகி, வழியிலேயே ஆயில் குறைந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. கோகிலவாணி ஓரங்கட்டி, கையோடு வைத்திருந்த ஆயிலை ஊற்றினாள். பின்சீட்டிலிருந்து குழந்தைவேல் நிதானமாகச் சொன்னார்:

"கோகிலா, இந்தக் காரு நிக்கற அன்னைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திக்கறேன். இன்னொரு வண்டிக்கு உன்னைய அலைய விடமாட்டேன்."

அவள் பாப்பாவுக்குப் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாசலில் கூடினார்கள். நான் அடைத்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள் என்றார் அன்வர் பாய். ஈரமில்லை. தினகரனுடைய இடத்திலும் இல்லை, சூசையுடைய இடத்திலும் இல்லை. அப்படியானால் குற்றம் மற்றவன் மேல்தான் என்று ஒருவரையொருவர் குத்திக் காட்டிக்கொண்டார்கள்.

"பாய், நீங்க பவுடர் போட்டதுல காருக்குக் கல்யாணக் களை வந்துச்சு. ஒழுகறது நிக்கலே" என்றான் தினகரன்.

வாசலோரம் போட்டிருந்த கட்டிலிலிருந்து குழந்தைவேல், "யாரு எதச் செஞ்சாலும் என் கட்டு மட்டும் அசையாம நிக்குது பாருங்க" என்றார். மூவரும் குனிந்து பார்க்காமலே ஆமாமென்றார்கள். படுத்துக் கிடக்கிறவர் ஆசையாகச் சொல்வதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? கடைசியில், எடைக்குப் போடுவதைத் தவிர வழியில்லை என்றார் சூசை. பழைய வண்டி வாங்குகிறவனை மறுநாள் காலை வரச்சொல்லிவிட்டுத் தினகரன் கிளம்பினான்.

கோகிலவாணி மட்டும் காரிடம் நின்றாள். என்ஜினை ஓடவிட்டு, அளவுக் கம்பியை ஆழ அழுத்தினாள். அது மெதுவாக மேலே எழும்பி வந்தது.

இப்போது சொல்லுங்கள். அடைத்த இடமெல்லாம் காய்ந்திருக்க, கார் ஒழுகியது எதனால்? காரைக் கெடுத்த கை யாருடையது?

விடை: மூன்று பேரும் சொன்னது பொய்யில்லை, ஆனால் ஒருவரும் காரணத்தைத் தொடவில்லை. அந்த ரப்பர் குழாய் என்ஜின் மூச்சு விடும் வாய். வயசான என்ஜின் மூச்சோடு கொஞ்சம் ஆயிலும் துப்பும். வாயைக் கட்டியதும், உள்ளே தங்கிய காற்று இளகின இடத்திலெல்லாம் ஆயிலைப் பிதுக்கி வெளியே தள்ளியது. கம்பி எழும்பியதும் மூடி சீறியதும் அதனால்தான். குழந்தைவேல் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கோகிலவாணி கட்டை அறுத்தாள். கட்டிலிலிருந்து தெரியாத பக்கமாகச் சொட்டுக்கு ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை வைத்தாள். காலையில் வந்தவனைத் திருப்பி அனுப்பினாள். கார் எத்தனை நாள் ஓடுமென்று அவளுக்குத் தெரியாது. அவர் விஷயத்தில் டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். அடுத்த முறை ஈரோடு போகும்போது பின்சீட்டிலிருந்து குழந்தைவேல் கேட்டார், "என் கட்டு நிக்குதா?" கோகிலவாணி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்படியே நிக்குதுங்க" என்றாள்.