அவுக அஞ்சு கிலோ

சங்கரன்கோவிலில் ஆவுடையப்பன், ஒச்சப்பன், பூவலிங்கம் என்று மூன்று பேர் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதிப் பிழைத்தார்கள். மூன்று பேருக்கும் மூளை இருந்தது. அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்குச் செண்பகவடிவு மேல் கொள்ளை ஆசை. அவள் அப்பா ஏகாம்பரம் கல்யாணச் சமையல்காரர். பாயச அண்டாவில் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் தானாக விழ ஒரு மெஷின் வாங்கியிருந்தார். அதற்கு ப்ரோகிராம் எழுதினால் பெண் உண்டு என்றார்.

சர்க்கரைக்கு ‘அ’, உப்புக்கு ‘ஆ’ என்று பெயர் வைத்தார்கள். எது எது என்பது மறுநாளே மறந்துபோனது. ஒத்திகைப் பாயசத்தில் உப்பு கிலோக் கணக்கில் கொட்டியது.

“பெத்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி யோசிச்சுப் பேர் வைங்கடே!” என்று கத்தினார் ஏகாம்பரம்.

அப்படியே செய்தார்கள். லேப்டாப்பைத் தொட்டிலில் போட்டார்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததில் நாலைந்து பட்டன்கள் ஒட்டிக்கொண்டன.

“பேரைக் காதுல ஓதணும்லா. இதுக்குக் காது எங்கடே?” என்றான் ஒச்சப்பன்.

“ஹெட்போன் சொருகுற ஓட்டைதான்,” என்றான் பூவலிங்கம்.

அந்த ஓட்டையில் பயபக்தியோடு ஓதினார்கள். சர்க்கரைக்கு வருங்கால மாமனார் பெயர், ஏகாம்பரம். உப்புக்கு மாமியார் பெயர், கோமதி.

எழுதியதை ஒச்சப்பன் உரக்க வாசித்தான்: “ஏகாம்பரம் அஞ்சு கிலோ. கோமதி ஒரு சிட்டிகை.”

ஆவுடையப்பன் பதறிப்போனான். “பாவி! மாமாவையும் அத்தையையும் பேர் சொல்லியா கூப்பிடுவே? நான் எப்படிலே அந்த வீட்டுப் படி ஏறுவேன்?”

“பின்னே எப்படிச் சொல்ல?”

“அவுகன்னு மரியாதையா எழுது.”

“அத்தைய?”

“அவுகளும் அவுகதான்.”

ஆவுடையப்பனின் நிச்சயதார்த்த விருந்தில் மெஷின் இரண்டு அவுகளுக்கும் ஒரே மரியாதை கொடுத்தது. அஞ்சு கிலோ சர்க்கரை, அஞ்சு கிலோ உப்பு.

ஒரு வாய் குடித்த ஏகாம்பரம் ஆவுடையப்பனின் சட்டையைப் பிடித்தார். “சர்க்கரைக்கு என்னடே பேர் வச்சே? சொல்லலேன்னா பொண்ணு கிடையாது!”

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. “அதை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன் மாமா. அத்தை, நீங்களே படிச்சுச் சொல்லுங்க!” என்று லேப்டாப்பில் முதலில் வைத்த பெயரைக் காட்டினான்.

கோமதி எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வெட்கம். “ஐயோ, இது அவுக பேருல்லா! நான் எப்படிச் சொல்லுவேன்? ஏங்க, இப்படி மரியாதை தெரிஞ்ச பிள்ளை நமக்கு எங்க கிடைக்கும்? பொண்ண இவனுக்கே குடுத்துருங்க!”

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பந்தியில் இருந்த எல்லாருக்கும் இன்னொரு தம்ளர் பாயசம் ஊற்றச் சொன்னான்.