உப்பை வாங்கிக்கொண்ட கீழிலை

கடல் ஊருக்குள் புகுந்து போன காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். பெருஞ்சாத்தன் என்று ஓர் அரசன் கடலோரத்தை ஆண்டான். அவன் நாட்டு வயலெல்லாம் உப்பாகிப் போனது. மிஞ்சியது மூன்று பானை விதைநெல். அதை மூன்று உழவர்களிடம் கொடுத்து, "இதுவும் விளையாவிட்டால் ஊரைக் காலி செய்துவிட்டுப் போவோம்" என்றான்.

முதல் வயல் முளையிலேயே கருகியது. இரண்டாம் வயல் முழங்கால் உயரத்தில் கருகியது. எயினி என்ற பெண்ணின் மூன்றாம் வயல் மட்டும் கதிர் விட்டுப் பால் பிடித்தது. ஆனால் கீழிலைகள் பழுத்துத் தீய்ந்திருந்தன.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கதிர் வந்ததும் அரசன் ஓர் இலையைக் கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். பிறகு மூன்று முறை வாய் கொப்பளிப்பான். அது முடியும்வரை யாரும் பேசக் கூடாது. யார் கண்டுபிடித்த வழக்கமோ, கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

அரசனின் கண்ணில் தீய்ந்த இலைதான் பட்டது. அதைக் கடித்தவன் முகம் சுளித்துத் துப்பினான். "ஒரே உப்பு. இதன் சோறும் இப்படித்தான் இருக்கும். பிடுங்கிப் போடுங்கள்."

முதல் முறை கொப்பளித்தான். அதற்குள் ஆட்கள் பத்து வரிசையைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாம் முறை கொப்பளித்தான். பாதி வயலுக்கு மேல் போயிற்று. மூன்றாம் முறை செம்பைத் தூக்கியபோது எயினி ஓடிவந்து அதைத் தட்டிவிட்டாள்.

காவலர்கள் வாளை உருவினார்கள்.

"வெட்டணும்னா வெட்டுங்க சாமி. அதுக்கு முன்ன இந்தக் கதிரைக் கடிச்சுப் பாருங்க. நான் தினமும் கடிச்சுப் பாத்தவ."

அரசன் திகைத்துப்போய்க் கதிரைக் கடித்தான். பால் இனித்தது. மேலிலையைக் கடித்தான். உப்பு தெரியவில்லை. மறுபடி கீழிலையைக் கடித்தான். நாக்கு எரிந்தது.

"வேரைத் தாண்டி வந்த உப்பையெல்லாம் கிழட்டு இலைங்க வாங்கிக்கிச்சு, சாமி. அதுங்க செத்துத்தான் கதிரைக் காப்பாத்துதுங்க."

அரசன் வரப்பில் குவிந்து கிடந்த பயிரைப் பார்த்தான். ஒவ்வொரு கதிரிலும் பால். பால் பிடித்த பயிரைத் திரும்ப நட முடியாது. இன்னும் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினான்.

மிஞ்சியது ஐந்து வரிசை. அதில் ஒரு மணியைக்கூட யாரும் தின்னவில்லை, எல்லாம் விதைக்குப் போயிற்று. அந்த ஆண்டு ஊரும் அரசனும் கிழங்கைத் தின்று கிடந்தார்கள், ஊரைவிட்டுப் போகவில்லை.

கறைபட்டு நிற்பவரைத் தள்ளிவிடும் முன், அந்தக் கறையை அவர் யாருக்காக ஏற்றார் என்று கேட்டறிய வேண்டும்.