வெள்ளைப் பாறைக்கு நேராக

"செருப்பைக் காணோம் அம்மா. இருந்திருந்தா இந்நேரம் ஊருக்குக் கிளம்பியிருப்பேன்."

படித்துறையில் நின்று சொன்னார் வேலப்பன். மலைப்பாதையில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். வேலை ஓய்ந்தும் கைகள் ஓயவில்லை. படுத்தால் போதும், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து வளைவு வளைவாகத் திருப்பும். கண்ணை மூடினால் பள்ளம். தூக்கத்தைத் தேடித்தான் இந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

குரு மரகதத்துக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அக்கரைக்கு நீந்துங்க."

படித்துறைக்கு நேரெதிரே ஒரு வெள்ளைப் பாறை. அதைத் தொட்டால்தான் அடுத்த பாடம் என்று வேலப்பன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

ஆறு சம்மதிக்கவில்லை. தினமும் மூச்சு முட்ட நீந்தினார். தினமும் அது அவரை அடித்துக்கொண்டு போய், கீழே அக்கரை மூங்கில் புதரடியில் ஒதுக்கியது. அங்கிருந்து வெறுங்காலோடு, கல் குத்தக் குத்த, மேலே மரப்பாலம் வரை நடந்து இக்கரை திரும்ப வேண்டும். அந்த நொண்டலையும் முனகலையும் சமையல்காரன் சிங்காரம் அச்சு அசலாகச் செய்து காட்டுவான். சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறும்.

செருப்பும் அவன் வேலைதான் என்றார் வேலப்பன். இல்லவே இல்லை என்று அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தான் சிங்காரம். அதையும் வேலப்பன் குரலிலேயே செய்தான்.

"களைச்சுட்டேன் அம்மா. என்னை விட்டுடுங்க" என்றார் வேலப்பன் மரகதத்திடம்.

"சரி டிரைவர் ஐயா. போறதுக்கு முன்னாடி என்கூட ஒரு தடவை இறங்குங்க."

அவள் நீந்தி அவர் பார்த்ததே இல்லை. அவர் துறைக்கு வரும்முன்பே குளித்து முடித்திருப்பாள்.

பாறைக்கு நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தார். நடு ஆற்றில் ஆறு அவளையும் இழுத்தது. இழுத்த பக்கமே சாய்ந்து, சாவகாசமாகக் கை வீசிக்கொண்டு போனாள்.

மல்லுக்கட்ட வேலப்பனுக்குத் தெம்பு இல்லை. பாறை பக்கவாட்டில் நகர்ந்து பின்னால் போயிற்று. கைகள் எதையும் திருப்பவில்லை.

மூங்கில் புதரடியில் கரையேறினார். மரகதம் காய்ந்த துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு. பக்கத்துக் கல்லில் இன்னொரு காய்ந்த துண்டு. கீழே, அவருடைய செருப்பு.

"காலையில பாலம் வழியா வந்து வெச்சேன்" என்றாள். "என்னோடதை எப்பவும் இங்கதான் வைப்பேன்."

வேலப்பன் செருப்பைப் பார்த்தார். தூரத்தில் பாறையைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரம் கடந்தும் ஆளைக் காணோமே என்று சிங்காரம் தேடி வந்தான். துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் வேலப்பன். கைகள் இரண்டும் மணலில் அசையாமல் கிடந்தன. குறட்டை ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அந்தக் குறட்டையை அப்படியே செய்து பார்க்கச் சிங்காரம் வாயைத் திறந்தான்.

கொட்டாவிதான் வந்தது.